உட்குரலும் ஊர்க்கிணறும்: யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து ஒரு விசாரணை

தன் உட்குரலை நம்பி ஒருவர் வாழ்வின் நோக்கத்தைக் கண்டடைய முடியுமா? முடியும் என்று சொல்லும் நூல்களுக்கு இன்று குறைவில்லை. எதைப் படிப்பது, எந்த வேலைக்குப் போவது என்று தடுமாறி வரும் பிள்ளைகளிடம் நாமும் 'உன் மனம் சொல்வதைக் கேள்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். மனம் பலதும் சொல்லும். ஆசையும் அச்சமும் தற்பெருமையும் மனத்தின் குரலிலேயே பேசும். இவற்றுள் எது நம்பத் தகுந்தது, அதை எங்கே வைத்து உரைத்துப் பார்ப்பது என்று கேட்டால் அந்த நூல்களிடம் பதில் கிடைப்பது அரிது.

இக்கட்டுரை அந்தக் கேள்வியை யாழ்ப்பாணத் தீவகத்தில் வைத்து ஆராய்கிறது. பாக்கு நீரிணையில் சிதறிக் கிடக்கும் இந்தத் தீவுகளோடு மூன்று வாழ்வுகள் தொடர்புடையவை. ஒன்று காப்பியத்தில் வருவது: மணிமேகலை. மற்ற இரண்டும் வரலாறு: 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகள், 1935இல் புங்குடுதீவில் பிறந்த மு. தளையசிங்கம். மூவரும் உள்ளிருந்து வந்த ஓர் அழைப்புக்குச் செவிகொடுத்தவர்கள் என்றே சொல்லப்படுகிறார்கள். அந்தக் கூற்று எந்த அளவுக்குச் செல்லும் என்பதே இங்கே விசாரணை. இவர்களில் தளையசிங்கத்தின் வாழ்வுதான் கேள்வியை அதன் முழுக் கூர்மையோடு எழுப்புகிறது என்பதால் கட்டுரையின் பெரும்பகுதி அவரைப் பற்றியதாகவே அமைகிறது.

1. குரலை நம்பியவர்கள்: இரு முன்னோடிகள்

உட்குரலைப் பற்றிய பழைய சாட்சியங்களில் முதன்மையானது சோக்கிரதீசுடையது. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் அவர் பேசியதாகப் பிளேட்டோ பதிவு செய்துள்ள உரையின்படி, சிறுவயது முதல் அவருக்குள் ஒரு குரல் கேட்டு வந்தது. அது எதையும் செய் என்று ஏவியதில்லை. செய்யப்போவதைத் தடுக்க மட்டுமே வரும். இன்றைய சுயமுன்னேற்ற நூல்கள் காட்டும் குரலோ எப்போதும் 'போ' என்றுதான் சொல்கிறது. இந்த வேறுபாட்டை ஏனோ நாம் கவனிப்பதில்லை.

இரண்டாவது சாட்சியம் காந்தி. 1933 மே 8ஆம் நாள் எரவாடா சிறையில் அவர் 21 நாள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். தீண்டாமை ஒழிப்பில் ஈடுபட்டவர்களின், முதலில் தன்னுடைய, தூய்மைக்கான நோன்பு அது. இரவில் ஒரு குரல் தெளிவாகக் கேட்டதென்று பின்னர் எழுதினார். அது மனப்பிரமை என்றவர்களுக்குக் காட்டத் தன்னிடம் சான்று ஏதும் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் விரதங்களாலும் நீண்ட ஒழுக்கப் பயிற்சியாலும் தன்னைப் பக்குவப்படுத்திக்கொள்ளாத எவரும் அப்படியொரு குரலைக் கேட்டதாக உரிமை கோரலாகாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1927 நவம்பரில் அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது, சாதி வேற்றுமைக்கு எதிராகப் பேசத் தொடங்கியிருந்த மாணவர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று. அந்த வருகையின் தடம் தீவகத்தில் நாற்பது ஆண்டு கழித்துத் தெரிந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

யாழ்ப்பாணத்துச் சித்தர் மரபும் தன் வழியில் இந்தப் பக்குவத்தையே வலியுறுத்தியது. கடையிற் சுவாமி, செல்லப்பா சுவாமி, யோகர் சுவாமி என்று வரும் நிரையில் சீடனின் உள்ளனுபவத்துக்குக் குருவின் கண்டிப்பே உரைகல். கொழும்புத்துறை யோகர் 1964இல் மறையும்வரை அவரிடம் போன அரச உத்தியோகத்தரும் ஆசிரியரும் வியாபாரிகளும் பெரும்பாலும் வாங்கி வந்தது பாராட்டை விட ஏச்சைத்தான்.

2. மணிபல்லவத்தின் பாத்திரம்

மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இன்றைய நயினாதீவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வேறு இடங்களைச் சுட்டுவோரும் உண்டு. தீவக மக்களைப் பொறுத்தவரை இந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது: நாகபூசணி அம்மன் கோயிலுக்கு வரும் அடியவர்களுக்குச் சோறிடும் அன்னதான மடத்தின் பெயரே அமுதசுரபி.

காப்பியத்தில் அந்த நிகழ்வு எப்படி நடக்கிறது? உவவனத்தில் உறங்கும் மணிமேகலையைக் கடல் தெய்வம் தூக்கிவந்து மணிபல்லவத்தில் விட்டுவிடுகிறது. அவள் தன் விருப்பத்தால் புறப்பட்டவள் அல்லள். புத்த பீடிகையைக் கண்டதும் முற்பிறப்பை உணர்கிறாள். உட்குரல் என்று சொல்லத்தக்க கணம் இதுதான். ஆனால் காப்பியம் இங்கே அவளை விட்டுவிடுவதில்லை. தீவதிலகை அவளைக் கோமுகிப் பொய்கைக்கு அழைத்துச் செல்கிறாள். வைகாசி முழுநிலா நாளில் நீரிலிருந்து எழும் அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. அது ஆபுத்திரனின் பாத்திரம். பசித்தவர் எவருமில்லாத தீவில் தனித்து விடப்பட்டபோது, பிறருக்கு ஊட்ட முடியாத பாத்திரம் தனக்கு எதற்கென்று அதைப் பொய்கையில் விட்டு உண்ணாமல் உயிர்துறந்தவன் அவன். பாத்திரம் கைக்கு வந்த பின்னரும் மணிமேகலை புகாருக்குத் திரும்பி, ஆதிரையின் கையால் முதற்பிச்சை பெற்ற பிறகே அவளது பணி தொடங்குகிறது.

காப்பியத்தை இயற்றிய சாத்தனார் வகுத்துள்ள வரிசை கவனத்துக்குரியது. தன்னை அறிந்த அனுபவம் முதலில் வருகிறது. நோக்கம் பிறரது பசியைக் கண்ட இடத்தில் பிறக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு கடலும், ஒருவன் விட்டுச் சென்ற பாத்திரமும், இன்னொருத்தியின் பிச்சையும் இருக்கின்றன. ஆபுத்திரனின் முடிவு இதன் மறுபக்கம்: பசித்தவர் இல்லாத இடத்தில் அவனுக்கு வாழ்வின் காரணமே இல்லாமல் போகிறது.

3. கரம்பொன்னிலிருந்து வடக்கன்குளம்

சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்ற இளைஞர் தனிநாயகம் அடிகளான கதை பெரும்பாலும் நேர்கோடாகவே சொல்லப்படுகிறது: தமிழ்த்தாயின் அழைப்பைக் கேட்டார், உலகெங்கும் தூது சென்றார். விவரங்களைப் பார்த்தால் கோடு அத்தனை நேரானதன்று. ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்த காலத்தில் அவர் திறமை காட்டியது ஆங்கிலத்தில். கொழும்புக் குருமடத்திலும் பின்னர் உரோமாபுரியிலும் பயின்று 1938இல் குருவானார். அவரது இறையியல் ஆய்வு கார்த்தேச்சுத் திருச்சபையைப் பற்றியது. அந்த வயதுவரை தமிழ் இலக்கியம் அவரது துறையாக இருக்கவில்லை.

திருப்பம் நேர்ந்தது வேலையில். 1940இல் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியப் பணிக்கு வந்தார். தேவாலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்ட ஊர் அது. ஐரோப்பிய மொழிகள் பல கற்று, உரோமாபுரியில் முனைவர் பட்டம் பெற்று வந்தவருக்கு உயர் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தமிழ் தெரியவில்லை. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் மாணவராக அமர்ந்தார். முப்பதை நெருங்கும் வயதில், பள்ளியில் பொறுப்பான பதவியில் இருந்துகொண்டே, இலக்கணத்திலிருந்து தொடங்கினார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டமும், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு இலக்கிய முதுவர் பட்டமும் பெற்றார்.

பிறகு நடந்தவை பரவலாக அறியப்பட்டவை. 1952 முதல் ஆங்கிலத்தில் 'தமிழ் கல்ச்சர்' காலாண்டிதழ். 1554இல் இலிசுபனில் அச்சான தமிழ் நூல், 1578இன் 'தம்பிரான் வணக்கம்' முதலியவற்றை ஐரோப்பிய, அமெரிக்க நூலகங்களிலிருந்து ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1964 சனவரியில் புது தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு.

இதில் உட்குரலின் பங்கு என்ன? குருத்துவ அழைப்பு அவருக்கு இளமையிலேயே இருந்தது. கத்தோலிக்க மரபில் அது தனிமனிதரின் உள்ளத்தோடு முடிவதில்லை. ஆண்டுக்கணக்கான குருமடப் பயிற்சியும் ஆயரின் ஏற்பும் வேண்டும். தமிழ் அழைப்போ அந்த மரபின் ஏற்பாட்டுக்குள் வராமல், வகுப்பறையில் தோன்றிய ஒரு குறைபாட்டிலிருந்து முளைத்தது. முதலில் தேவை, அடுத்து வெட்கம், பிறகு நான்கைந்து ஆண்டுப் படிப்பு. அதன் பின்னரே பற்று. தமிழகத்தில் இருந்த ஆண்டுகளில் நெடுந்தீவோடு தொடர்புடைய தந்தைவழி முன்னோரின் பெயரான தனிநாயகத்தை அவர் சூட்டிக்கொண்டதைக் குரலின் தொடக்கமாகக் கொள்வதை விட, எடுத்துக்கொண்ட முடிவுக்கு இட்ட கையொப்பமாகக் கொள்வதே பொருந்தும்.

அவர் உலகெங்கும் எடுத்துச் சென்ற புறநானூற்று 192ஆம் பாடலும் இங்கே துணைநிற்கிறது. எல்லா ஊரையும் நம் ஊராகக் காணும் அதன் முதலடிதான் மேடைகளில் ஒலிக்கிறது. கணியன் பூங்குன்றனாரின் பாடல் அங்கே நிற்பதில்லை. பேராற்று நீரில் அகப்பட்ட புணைபோல் உயிர் முறைவழிப் படுவதாகச் சொல்லி, ஆகவே பெரியோரை வியக்கவும் சிறியோரை இகழவும் மாட்டோம் என்று முடிகிறது. தன் வழியைத் தானே தேர்ந்தெடுத்த வீரர் என்ற சித்திரத்துக்கு அந்தப் பாடலில் இடமில்லை. அடிகளின் வாழ்க்கை வரலாறுகளை எழுதுவோர் பாடலின் பின்பாதியையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

4. புங்குடுதீவுக் கிணறு

மு. தளையசிங்கம் பேராதனைப் பல்கலைக்கழகப் பட்டதாரி, ஆசிரியர், கதாசிரியர், விமர்சகர். 1956 முதல் 1963 வரையான ஈழத்து எழுத்தை மதிப்பிட்ட 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி', 1965இல் வந்த 'புதுயுகம் பிறக்கிறது' சிறுகதைகள், 1970இல் வெளியான 'போர்ப்பறை', மறைவுக்குப் பின் வந்த 'மெய்யுள்' ஆகியவை அவரது முக்கிய நூல்கள். கைலாசபதியும் சிவத்தம்பியும் முன்னின்ற முற்போக்கு இயக்கம் ஈழத்தில் ஓங்கியிருந்த காலம் அது. தளையசிங்கமோ, மார்க்சியம் மனிதனின் பொருள்நிலையை விளக்கியது போதாது, கருத்துமுதல்வாதமும் போதாது, இரண்டையும் கடந்த ஒரு நிலைக்கு மனித இனம் போய்க்கொண்டிருக்கிறது என்றார். அரவிந்தரின் பரிணாமச் சிந்தனையை உள்வாங்கி, மனத்தின் ஆட்சி முடிந்து பேர்மனத்தின் யுகம் தொடங்குகிறது என நம்பினார். அந்த யுகத்தில் கலைஞன் என்ற தனிச்சாதி இராது, அவரவர் தொழிலே கலையாகும், கற்பனைக் கோலங்களின் இடத்தில் உண்மையையே நேராக வைக்கும் புதிய இலக்கிய உருவம் தோன்றும் என்றார். அதற்கு அவர் இட்ட பெயரே மெய்யுள்.

1966 அளவில் நந்தகோபாலகிரி என்ற துறவியைச் சந்தித்துக் குருவாக ஏற்றார். அதன் பிறகு அவரது எழுத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. விவாதத்தின் தொனி குறைந்து, தான் கண்டதைச் சொல்பவரின் உறுதி கூடுகிறது. ஊரில் தம்பி மு. பொன்னம்பலத்தோடும் நண்பர்களோடும் சேர்ந்து சர்வோதய இயக்கத்தைத் தொடங்கினார். காந்தியின் 1927 வருகையின் தடம் என்று மேலே குறிப்பிட்டது இதைத்தான்.

இந்த இடத்தில் தீவகத்தின் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. இங்கே ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல் நிலத்தில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கடல்நீருக்கு மேலே மெல்லிய படலமாகத் தங்குகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும். ஊரில் கிணறுகள் பல இருந்தாலும் குடிக்கத்தக்க நல்ல தண்ணீர்க் கிணறுகள் சிலவே. அவற்றுள் சில கோயில் வளவுகளில் இருந்தன. சாதியால் ஒடுக்கப்பட்டோர் அவற்றில் வாளி போடக் கூடாது. குடத்தைக் கொண்டுவந்து கிணற்றுக்கட்டுக்கு அப்பால் வைத்துவிட்டு, அள்ளும் உரிமை பெற்ற யாராவது வந்து இரக்கப்பட்டு ஊற்றும்வரை வெயிலில் காத்து நிற்க வேண்டும். யாரும் வராத நாளில் வெறுங்குடத்தோடு திரும்ப வேண்டும். சாதியைக் காட்டிப் பொது உரிமைகளை மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தது. கிணற்றடி அதை அறியாததுபோல் இருந்தது.

புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயிலின் நன்னீர்க் கிணறும் அத்தகையது. 1971இல் அந்தக் கிணற்றில் எல்லோருக்கும் தண்ணீர் அள்ளும் உரிமை வேண்டுமென்று தளையசிங்கமும் தோழர்களும் போராடினார்கள். பொலிஸார் அவரைத் தாக்கிக் கைதுசெய்தார்கள். அதற்குப் பின் உடல்நலம் குன்றி, 1973இல், நாற்பது வயதுகூட நிறையாத நிலையில் காலமானார். அவரது மரணத்தை அந்தத் தாக்குதலோடு இணைத்தே அவருக்கு நெருக்கமானவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இரட்டைக் காப்பியங்களை இந்த நிலவியலில் வைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. எல்லார் பசியும் தீர்த்த பாத்திரம் எழுந்ததாக நம்பப்படும் நயினாதீவுக்குப் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்துதான் படகேறுகிறோம். அந்தப் புங்குடுதீவில், நீதி கேட்டு மதுரையை எரித்தவளின் கோயில் கிணற்றில், தாகமெடுத்தவருக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது.

5. மாற்று விளக்கங்களும் மதிப்பீடும்

தளையசிங்கத்தை வாசித்தோர் இரு திசைகளில் பிரிந்து நிற்கிறார்கள். முற்போக்கு முகாம் அவரை ஆன்மிகவாதி என்று ஒதுக்கியது. மறுபக்கம், சுந்தர ராமசாமி அவரது சிந்தனையைத் தமிழகத்தில் கவனப்படுத்தி எழுதினார். ஜெயமோகன் அவரை மூலச் சிந்தனையாளர்களின் வரிசையில் வைத்தார். 2002இல் ஊட்டியில் நடந்த கூட்டத்தில் அவரது எழுத்து விரிவாக விவாதிக்கப்பட்டது. இரு தரப்பும் பெரும்பாலும் தத்துவத்தைப் பற்றியே பேசின. கிணறு அவரது வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக ஒதுங்கிவிட்டது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதலில் கடினமான மறுப்பை எடுத்துக்கொள்வோம். கிணற்றுக்குப் போக உட்குரல் தேவையில்லை. 1966 அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் சென்றவர்கள் மார்க்சியர்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டு வாசலில் நின்றவர்களும், அதற்காக அடிபட்டவர்களும், தியானத்தால் அங்கு வந்தவர்கள் அல்லர்; கட்சியும் வெகுஜன இயக்கமும் அவர்களைத் திரட்டின. ஒடுக்கப்பட்டோரோ எந்தத் தத்துவத்தின் துணையுமின்றியே அந்த அநீதியை அறிந்திருந்தார்கள். ஆகவே நீதியை அறியும் தனிக்கருவி உட்குரல் என்று தளையசிங்கத்தைக் காட்டி வாதிட முடியாது.

இரண்டாவது மறுப்பு அவரது தீர்க்கதரிசனம் பற்றியது. புதுயுகம் பிறந்துவிட்டது என்று எவ்வளவு உறுதியாக நம்பினாரோ அவ்வளவு முழுமையாக அது பொய்த்தது. அவர் இறந்த மறு ஆண்டே, 1974 சனவரி 10ஆம் நாள், யாழ்ப்பாணத்தில் நான்காவது தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள் கூட்டம் பொலிஸ் நடவடிக்கையில் குலைந்து ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். தனிநாயகம் அடிகளின் வாழ்நாள் முயற்சி தன் சொந்த மண்ணில் இரத்தத்தில் நனைந்தது. 1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். பேர்மனம் வரவில்லை, போர்தான் வந்தது.

அப்படியானால் அந்தக் குரல் அவருக்கு என்னதான் செய்தது? என் மதிப்பீடு இது. அவர் அந்தக் கிணற்றில் தடையின்றி நீர் அள்ளக்கூடிய சமூகத்தில் பிறந்தவர். அநீதியால் அவருக்கு இழப்பு இல்லை. எதிர்த்தால் சொந்தக்காரர், அயலவர், கோயில் நிர்வாகம் எல்லோரும் பகை. ஒடுக்கப்பட்டவரைப் போராட வைப்பது அவர் படும் துன்பம். கட்சித் தோழரைப் போராட வைப்பது அமைப்பு. இரண்டும் இல்லாத ஒருவரைச் சொந்தச் சனத்துக்கு எதிரே நிறுத்த வேறேதோ வேண்டும். தளையசிங்கத்துக்கு அதைத் தந்தது அவர் பயின்ற அகவாழ்வு. உண்மையை எழுதினால் மட்டும் போதாது, அதுவாகவே வாழ வேண்டும் என்று மெய்யுளில் வாதிட்டவருக்கு, கிணற்றடிக்குப் போகாமல் இருப்பது தன் எழுத்தையே மறுப்பதாகும்.

அதே குரல் உலக வரலாற்றின் அடுத்த கட்டத்தை அறிவித்தபோது தவறியது. ஊர்க்கிணற்றின் அநீதியைச் சுட்டியபோது தவறவில்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. யுகத்தைப் பற்றிய அறிவிப்பை யாரும் உரைத்துப் பார்க்க முடியாது. மறுத்துச் சொல்ல எதிரில் ஆள் இல்லை. கிணற்றடியில் வெறுங்குடத்தோடு ஒருவர் நிற்கிறார், அவரது தாகம் உண்மை. புகாரில் பசியும், வடக்கன்குளத்தில் எதிரே அமர்ந்திருந்த மாணவரும் இருந்த இடத்தில் புங்குடுதீவில் இந்தக் குடம் இருந்தது. காந்தி விரதத்தையும் யோகர் குருவின் ஏச்சையும் உரைகல்லாகக் கொண்டார்கள். அவை குரலைக் கேட்பவரைத் திருத்தும். குரல் சொல்வது சரியா என்று காட்டுவது எதிரே நிற்கும் மனிதரின் தேவைதான். 'உன் மனம் சொல்வதைக் கேள்' என்று இளையோரிடம் சொல்வோர், அதைக் கேட்டுவிட்டு யாரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தளையசிங்கத்தின் படைப்புகள் 2006இல் ஒரே தொகுதியாக வந்துவிட்டன. அவரைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் எழுத்தாளர்கள். 1971இல் அந்தக் கிணற்றடியில் குடத்தோடு நின்றவர்களும், அவர்களைத் தடுத்தவர்களும், அன்று சிறுவராக அதைப் பார்த்தவர்களும் இன்று புங்குடுதீவிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாய்மொழியை, தடுத்தவர்களின் வாய்மொழியையும் சேர்த்து, இப்போதே பதிவு செய்யுங்கள்.